பெரிய கம்பெனி கேட்கும் பசுமைக் கணக்கு: சென்னைச் சிறு தொழில்களுக்கு எந்த மானியம் எங்கே கை கொடுக்கும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அண்ணன் ஒரு பிரஸ் ஷாப் நடத்துகிறார். கார் பாகங்களுக்கான பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் வேலை. மொத்தம் 18 பேர். கணக்கு வழக்கு என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ஒரு எக்செல் தாள் வந்தது. போன வருடம் எத்தனை யூனிட் மின்சாரம்? டீசல் எவ்வளவு? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எண்ணெய் யாரிடம் போகிறது? மொத்தச் சம்பளத்தில் பெண்களின் பங்கு எத்தனை சதவீதம்? பாலியல் புகார்களை விசாரிக்கக் குழு இருக்கிறதா? இப்படி 60 வரி. பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு.

பக்கத்து ஷெட்டுக்காரர்களுக்கும் அதே தாள் வந்திருந்தது. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதற்கெல்லாம் செலவு செய்ய அரசாங்கம் ஏதாவது தருகிறதா? தருகிறது. ஆனால் "அறிக்கை எழுத மானியம்" என்று தேடினால் கிடைக்காது. சிங்கப்பூரில் சிறு நிறுவனங்கள் இப்படிப்பட்ட கணக்கைச் சொல்லும் தங்கள் முதல் நிலைத்தன்மை அறிக்கையைத் தயாரிக்கும் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது. நம் ஊரில் பணம் வேறு வேறு பெயரில், வேறு வேறு அலுவலகத்தில் கிடக்கிறது. ஆற்றல் தணிக்கைக்கு (மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்ற ஆய்வு) ஒரு திட்டம், சான்றிதழுக்கு ஒன்று, மெஷின் மாற்ற ஒன்று, கடன் வட்டிக்கு ஒன்று. அதனால் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்காதீர்கள். வந்த தாளை முதலில் நிரப்புங்கள். எந்த வரி காலியாக நிற்கிறதோ, எந்த எண் மோசமாக வருகிறதோ, அந்த வரிக்கு உரிய திட்டத்தைத் தேடிப் போங்கள்.

நம்மிடம் ஏன் கேட்கிறார்கள்?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள், சுற்றுச்சூழல், ஊழியர் நலம், நிர்வாக ஒழுங்கு ஆகியவற்றைப் பற்றி ஆண்டுதோறும் தகவல் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 மே மாதம் சொன்னது. பி.ஆர்.எஸ்.ஆர். என்று பெயர். சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் அது கட்டாயம். 2023 ஜூலையில் அதன் சாரமாக "பி.ஆர்.எஸ்.ஆர். கோர்" வந்தது. பெரிய நிறுவனம் தன் கணக்கை மட்டும் சொன்னால் போதாது, தனக்குப் பொருள் தருபவர்களின் கணக்கும் வேண்டும் என்ற பேச்சு அதோடு தொடங்கியது. பிறகு செபி இதைத் தளர்த்தி, முதல் 250 நிறுவனங்களுக்கு, அதுவும் கொள்முதல் அல்லது விற்பனை மதிப்பில் 2 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்குள்ள கூட்டாளிகளைப் பற்றி மட்டும், 2025-26 முதல் விருப்பத்தின் பேரில் என்று வைத்தது.

ஆகவே 18 பேர் வேலை செய்யும் ஷெட்டுக்குச் சட்டப்படி இந்த அறிக்கை கட்டாயம் இல்லை. அந்தத் தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த ஆர்டர் யாருக்கு என்று முடிவு செய்பவரின் மேஜையில் அந்தத் தாள் இருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம். ஐரோப்பாவுக்கு இரும்பு போல்ட், நட், அலுமினியப் பாகங்கள் போகும் வேலையில் இருந்தால் கேள்வி இன்னும் கறாராக வரும். ஒரு பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவைக் கணக்கிட்டு இறக்குமதியில் விதிக்கும் கார்பன் எல்லை வரியின் முழு நடைமுறை அங்கே 2026 ஜனவரியில் தொடங்கிவிட்டது.

முதல் வேலை: உத்யம் பதிவைச் சரி பாருங்கள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு இது. எல்லா மானியத்துக்கும் வாசல் இதுதான். ஆதார், பான், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் ஆன்லைனில் நீங்களே பதிந்துகொள்ளலாம். அரசுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசினுடையது அல்ல.

ஏற்கெனவே பதிந்தவர்கள் சான்றிதழை ஒரு தடவை திறந்து, எந்த வகையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை இருந்தால் குறுந்தொழில். 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரத் தொழில். விற்றுமுதல் 6 கோடி உள்ள ஒரு யூனிட் பழைய கணக்கில் சிறுதொழில். முதலீடும் வரம்புக்குள் இருந்தால் புதிய கணக்கில் குறுந்தொழில். சில திட்டங்களில் குறுந்தொழிலுக்கு மானிய சதவீதம் கூடுதல் என்பதால் இந்த ஒரு மாற்றத்திலேயே காசு இருக்கிறது.

இன்னொன்று, பெயரும் முகவரியும். பானில் ஒரு எழுத்து, ஜி.எஸ்.டி.யில் ஒரு எழுத்து, மின் இணைப்பு ஷெட் சொந்தக்காரர் பெயரில் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றி முடிக்க மூன்று மாதம் போயிற்று. வாடகை ஷெட் என்றால் பதிவு செய்த ஒப்பந்தமும், சொந்தக்காரரிடம் ஒரு சம்மதக் கடிதமும் இப்போதே வாங்கி வையுங்கள்.

இரண்டாவது வேலை: பன்னிரண்டு மாத எண்கள்

இதுதான் அறிக்கையின் உயிர். இதற்கு ஆலோசகர் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு எக்செல் ஷீட், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மின்சாரத்தில் தொடங்குங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒவ்வொரு பில்லிலும் உள்ள யூனிட்டை எழுதுங்கள். ரூபாயை அல்ல, யூனிட்டை. கட்டண விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். மாதம் 8,000 யூனிட் ஓடினால் வருடத்துக்கு 96,000. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-24க்கு அது 0.727 கிலோ. பெருக்கினால் 69.8 டன் வரும். அப்புறம் ஜெனரேட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.68 கிலோ. வருடத்துக்கு 1,800 லிட்டர் என்றால் 4.8 டன். இரண்டும் சேர்ந்து 74.6 டன். அதை 6 கோடி விற்றுமுதலால் வகுத்தால், ஒரு கோடிக்கு ஏறக்குறைய 12.4 டன். பெரிய கம்பெனி பார்க்க விரும்புவது இந்தக் கடைசி எண்ணைத்தான். ஆர்டர் கூடினால் மொத்தம் ஏறத்தான் செய்யும். ஒரு கோடி ரூபாய் சரக்குக்கு எவ்வளவு என்பது இறங்க வேண்டும். தணிக்கையாளர் கேட்டால் காட்ட, எந்த வருடத்து எண்ணால் பெருக்கினீர்கள் என்பதைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

தண்ணீர்க் கணக்குதான் சென்னையில் கஷ்டம். போர் தண்ணீருக்கு மீட்டர் இருக்காது, கோடையில் லாரி வரும், கேன் தண்ணீர் தனி. லாரிக்கு ரசீது வாங்குங்கள், எத்தனை லிட்டர் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். போர் லைனில் ஒரு மீட்டர் மாட்டுங்கள்.

கழிவில் ஸ்கிராப் கணக்கு எல்லோரிடமும் இருக்கும், ஏனென்றால் அதில் பணம் வருகிறது. இல்லாமல் போவது எண்ணெய்க் கழிவின் கணக்கு. பழைய ஹைட்ராலிக் ஆயில், கட்டிங் ஆயில், எண்ணெய் துடைத்த துணி எல்லாம் சட்டப்படி அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுத்து, கொண்டுபோகும் வண்டிக்கான படிவம் 10இன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அபாயகரக் கழிவு அங்கீகாரம் உள்ளவர்கள் ஒவ்வொரு ஜூன் 30க்குள்ளும் படிவம் 4இல் ஆண்டறிக்கை தர வேண்டும். அதை ஒழுங்காகத் தருபவர்களுக்குப் பெரிய கம்பெனியின் கழிவு வரிகள் பாதி நிரம்பிவிடும்.

ஊழியர் கணக்குக்குச் சம்பளப் பட்டியல் போதும். ஆண், பெண், நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரித்து எழுதுங்கள். ஒப்பந்த ஆட்களை விட்டுவிடாதீர்கள், பி.எஃப். செலான் கேட்கும்போது அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். சின்னக் காயமானாலும் தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். விபத்தே நடக்காத பிரஸ் ஷாப் என்று எழுதிக் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தக் காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்து இணையச் சேமிப்பில் போட்டு வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எஸ்டேட்டுக்குள் புகுந்தபோது எங்கள் கீழ் அலமாரியில் இருந்த நான்கு வருட பில்கள் கூழாகிவிட்டன. மெஷினைக் காயவைத்து ஓட்டினோம். காகிதத்தை மீட்க முடியவில்லை. பருவநிலை மாற்றம் என்பது எங்கோ வடதுருவத்துச் செய்தி என்று அதற்கு முன் நினைத்திருந்தவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

மூன்றாவது: ஜெட் சான்றிதழ்

எண்கள் கைக்கு வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. குறையில்லாத உற்பத்தி, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத உற்பத்தி என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மத்திய அரசின் சான்றிதழ் இது. இப்போதைய வடிவில் 2022 ஏப்ரலில் தொடங்கியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய். அதில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் தொழிலுக்கு மேலும் 10 சதவீதம். பெண்கள் நடத்தும் தொழிலுக்குச் சான்றிதழ் கட்டணம் முழுவதும் இலவசம் என்று பின்னால் அறிவித்தார்கள்.

வழி எளிது. உத்யம் எண்ணோடு ஜெட் இணையதளத்தில் பதிந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கே 10,000 ரூபாய் மதிப்பில் சேர்க்கை வெகுமதி உண்டு. சான்றிதழ் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். வெண்கலத்துக்கு ஐந்து அம்சங்கள்தான் பார்க்கிறார்கள்: தலைமை, பணியிடச் சுத்தம், பாதுகாப்பு, சரக்கு நேரத்துக்குப் போவது, தர மேலாண்மை. போட்டோவும் ஆவணமும் ஏற்றினால் போதும். வெள்ளிக்கு 14 அம்சம், தங்கத்துக்கு 20. ஆற்றல், இயற்கை வளம் எல்லாம் மேல் படிகளில் வருகின்றன. பெரிய கம்பெனியின் தாளுக்கு உண்மையில் உதவுவது வெள்ளிதான். ஆனால் வெண்கலத்தில் தொடங்குங்கள். போட்டோ எடுப்பதற்காகவாவது தரையில் மஞ்சள் கோடு போடுவோம், தீயணைப்பானின் தேதியைப் பார்ப்போம். அதற்குப் பிறகு கடையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

சான்றிதழுக்கு மூன்று ஆண்டு ஆயுள். சலுகை விகிதங்கள் நிதியாண்டோடு மாறக்கூடியவை, எனவே விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் உள்ளதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஐ.எஸ்.ஓ. 14001 போன்ற சான்றிதழ் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால், சான்றளிக்கும் நிறுவனத்துக்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரும் கியூ-செர்ட் என்ற திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. கட்டிய ரசீதும் சான்றிதழும் வேண்டும்.

நான்காவது: மின்சாரம்

சிறு தொழிலுக்கு உண்மையான லாபம் இங்கேதான். தமிழக அரசின் பீஸ் திட்டம் ஆற்றல் தணிக்கைச் செலவில் 75 சதவீதத்தை, ஒரு லட்சம் ரூபாய் வரை, திருப்பித் தருகிறது. தணிக்கையாளர் சொன்னபடி மெஷின், மோட்டார், உதிரி மாற்றினால் அந்தச் செலவில் 50 சதவீதம், 10 லட்சம் வரை மானியம்.

வரிசை முக்கியம். முதலில் தகுதி பெற்ற ஆற்றல் தணிக்கையாளரை வைத்து ஆய்வு. பிறகு அறிக்கை. அதன் பிறகு கொட்டேஷன், பில். எஸ்டேட்டில் ஒரு நண்பர் ஆசையாக புது கம்ப்ரசர் வாங்கி மாட்டிவிட்டு, அப்புறம் தணிக்கைக்கு ஆள் கூப்பிட்டார். அவர் பில்லின் தேதி தணிக்கைக்கு முந்தியது. அந்தப் பணம் போனதுதான். எல்லாப் பணமும் வங்கி வழியாகப் போகட்டும். ரொக்கத்தில் கொடுத்ததை நிரூபிக்க முடியாது.

கம்ப்ரசர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தணிக்கையாளர் வருவதற்கு முன்னால், கடை மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு ஷெட்டுக்குள் அமைதியாக நடந்து பாருங்கள். புஸ் என்று சத்தம் வரும் ஒவ்வொரு இடமும் மின்கட்டணம். எங்கள் ஷெட்டில் பதினோரு இடம் இருந்தது. அதை அடைக்க மானியமே வேண்டாம், சில நூறு ரூபாய் டேப்பும் கப்ளிங்கும் போதும். அழுத்தத்தைத் தேவைக்கு மேல் வைத்திருந்தால் ஒரு பார் குறைப்பதிலேயே கம்ப்ரசர் மின்சாரம் சுமார் 6, 7 சதவீதம் குறையும்.

பெரிய முதலீடு என்றால் மானியத்தோடு வட்டிச் சலுகையையும் பாருங்கள். பசுமைத் தொழில்நுட்பத்துக்காக 2 கோடி வரை வாங்கும் கடனுக்கு, கிஃப்ட் திட்டத்தில் குறு, சிறு தொழில்களுக்கு 2 சதவீத வட்டிச் சலுகை ஐந்து ஆண்டுக்கு உண்டு. சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக நடக்கிறது. ஆற்றல் சிக்கனப் பணியகம் 2025 ஜூலையில் தொடங்கிய அடீட்டி திட்டத்தில் குறு, சிறு தொழில்களுக்கு 5 சதவீதம், நடுத்தரத்துக்கு 3 சதவீதம். இது குறிப்பிட்ட 14 துறைகளுக்கு மட்டும். உங்கள் துறை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு மறுசுழற்சியில் இருப்பவர்களுக்கு ஸ்பைஸ் என்ற தனித் திட்டம், 25 சதவீத மூலதன மானியம், பன்னிரண்டரை லட்சம் வரை.

ஐந்தாவது: நிர்வாக ஒழுங்கு

இதற்கு மானியம் தேட வேண்டாம், செலவே இல்லை. ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் காலியாக விடும் பகுதி இதுதான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள் குழு 2013 சட்டப்படி கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைவர், ஊழியர்கள் குறைந்தது இருவர், வெளியிலிருந்து ஒருவர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளி உறுப்பினர் பெண்கள் பிரச்சினையில் வேலை செய்யும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும், முதலாளியின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். குழுவின் பெயர்ப் பலகையைக் கேட்டுக்குப் பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் மாட்டுங்கள். ஒடிசா, பீகார் பெண்களும் நம் ஷெட்டில் வேலை செய்கிறார்கள்.

அண்ணன் மகன் பெயரில் உள்ள கடையிலிருந்து மூலப்பொருள் வாங்கினால் அதை மறைக்காமல் எழுதுங்கள். உங்களுக்குச் சரக்கு தருபவர்களுக்கு எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள் என்ற கேள்விக்கும் உண்மையைச் சொல்லுங்கள். அதே கேள்வி உங்களிடம் வாங்கும் பெரிய நிறுவனத்துக்கும் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள் சிறு தொழிலுக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டம். தாமதித்து, நிதியாண்டு முடிவதற்குள்ளும் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் வந்துவிட்டது.

எங்கே போவது?

மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சி அலுவலகம் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. மாநிலத் திட்டங்களுக்குத் தொழில் வணிகத் துறையின் சென்னை மண்டல இணை இயக்குநர் அலுவலகம், அதுவும் கிண்டி தொழிற்பேட்டையில். மற்ற மாவட்டங்களில் மாவட்டத் தொழில் மையம். அம்பத்தூர், மதுரவாயல், ஆலந்தூர் எல்லாம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தவை. பழைய காகிதங்களில் திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று இருக்கும். எந்த அலுவலகத்தில் உங்கள் கோப்பு வரும் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். காலையில் போங்கள், எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள், கொடுத்த தேதிக்கு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

மானியத்தில் இத்தனை சதவீதம் என்று பேசும் இடைத்தரகரிடம் உத்யம் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். பக்கத்து ஷெட்டுக்காரர் ஒருவர் 25,000 ரூபாய் கொடுத்து அறிக்கை எழுதி வாங்கினார். நான்காம் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது வாடிக்கையாளர்.

கடைசியாக, தாளை அனுப்பும்போது தெரியாத வரியில் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் அளந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "இதுவரை அளக்கவில்லை, இந்த மாதத்திலிருந்து அளப்போம்" என்று எழுதுங்கள். எங்கள் முதல் தாளில் 60 வரியில் 14 வரிக்கு அப்படித்தான் எழுதினோம். பர்ச்சேஸ் அதிகாரி போன் செய்தார். ஏன் இத்தனை காலி என்று அவர் கேட்கவில்லை; தண்ணீர் மீட்டர் எப்போது மாட்டப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரமே மாட்டினோம்.